இறக்கத்துக்கு ஒரு பூட்ஸ்

வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்து, கழன்று விழ ஆறு வாரம் பிடித்தது. புது நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல். அந்த வருடம் முழுக்கக் குளிக்கும்போதெல்லாம் என் முதல் மலை வேட்டை ஞாபகம் வரும். மலையாடு கண்ணில் பட்ட கணம் இல்லை, குறி பார்த்த கணமும் இல்லை. சுமையோடு இறங்கி வந்த ஐந்து மணி நேரம்தான்.

ஏறும்போது ஒரு குறையும் தெரியவில்லை. பூட்ஸ் புதிது. கடையில் போட்டுப் பார்த்தபோது மெத்தை மேல் நடப்பது போல இருந்தது, நான்கு அடி நடந்து பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். வேட்டைக்கு முன் ஒரு மாதம் சமதரையில் தினமும் போட்டு நடந்து பழக்கியும் இருந்தேன். எல்லாம் சரியாகச் செய்த திருப்தியில் கிளம்பியவனுக்கு, திரும்பும்போது ஒவ்வொரு அடியும் யாரோ சுத்தியலால் விரல் நுனியில் தட்டுவது போல விழுந்தது. கூடாரத்துக்கு வந்து பூட்ஸைக் கழற்றியதும் கூட வந்த அண்ணன் என் காலைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் மலையில் அலைந்தவர். சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

“தம்பி, நீ ஏறுறதுக்கு பூட்ஸ் வாங்கியிருக்க. இறங்குறதுக்கு வாங்கணும்” என்றார்.

அதற்குப் பிறகு நான்கு ஜோடி மாற்றிவிட்டேன். படித்தது, கேட்டது, காசு போட்டுக் கற்றது எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் அந்த வாக்கியத்தைத் தாண்டி நான் பெரிதாக எங்கும் போய்விடவில்லை.

ஏறும்போது காலின் எடை குதிகாலை நோக்கிப் போகும். விரல்களுக்கு முன்னால் இடம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் பூட்ஸுக்குள் முன்னோக்கிச் சறுக்கப் பார்க்கும். மலையேற்றம் மட்டும் போகிறவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு: நாள் ஆக ஆக அவர்கள் பை இளைக்கும். வேட்டைக்காரனுக்கு நேர்மாறு. காலையில் எட்டோ பத்தோ கிலோவோடு ஏறியவன், வேட்டை கிடைத்தால் இறைச்சி, தோல், தலை என்று முப்பது கிலோவோடு இறங்குவான். அதுவும் இருட்டும் நேரத்தில், தொடை நடுங்கும்போது, பாதை இல்லாத சரிவில். கடையின் விரிப்பு மேல் நடந்து பார்ப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆகவே முதலில் அளவு. சாயங்காலம் போய் அளவெடுங்கள், நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். உட்கார்ந்து அளக்கக் கூடாது, நின்றுகொண்டு அளக்க வேண்டும். எடை விழுந்தால் பாதம் நீளும், அகலும். முதுகில் பையும் இருந்தால் இன்னும் கொஞ்சம். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், பெரிய காலுக்கு வாங்கிவிட்டுச் சிறிய காலைக் காலுறையால் சமாளிக்கலாம். எந்தக் காலுறையோடு மலைக்குப் போவீர்களோ அதையே கொண்டுபோங்கள்.

பூட்ஸ் மேல் இருக்கும் எண்ணை அதிகம் நம்பாதீர்கள். ஆங்கிலேய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மில்லிமீட்டர். ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் என்பது அதன் பழைய கணக்கு. ஐரோப்பிய அளவில் இடைவெளி 6.67 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. போதாததற்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் கால் வடிவில் செய்த தன் அச்சுக்கட்டை மேல்தான் பூட்ஸைத் தைக்கிறார். அந்தக் கட்டையின் வடிவம் உங்கள் காலுக்கு ஒத்துவரவில்லை என்றால் எண் சரியாக இருந்தும் பயனில்லை. நான் செய்வது இதுதான்: உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை வெளியே உருவி, தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நிற்பேன். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சதை அட்டையைத் தாண்டி வழிந்தால் அந்த பூட்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். “போடப் போட விரியும்” என்று சொல்வார்கள். தோல் கொஞ்சம் விரியும், உண்மைதான். ஆனால் மலை பூட்ஸின் அடிப்பகுதியைச் சுற்றி ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை விரியவே விரியாது.

பலரும் கவனிக்காத ஒன்று, குதிகாலிலிருந்து பாதத்தின் உருண்டை வரைக்குமான நீளம். உருண்டை என்றால் கட்டைவிரல் தொடங்கும் அந்தத் திரண்ட இடம், நடக்கும்போது கால் மடங்குவது அங்கேதான். ஒரே நீளக் கால் உள்ள இருவரில் ஒருவருக்கு விரல் நீளமாகவும் இன்னொருவருக்குக் குட்டையாகவும் இருக்கும், மடங்கும் இடமும் மாறும். அமெரிக்காவில் சார்லஸ் பிரானக் என்பவர் 1920களில் உருவாக்கிய உலோக அளவுகருவியைச் செருப்புக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அது நீளம், அகலம் தவிர இந்த மூன்றாவது அளவையும் எடுக்கும். பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பூட்ஸ் மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், எவ்வளவு பழக்கினாலும் அந்த பூட்ஸ் கடித்துக்கொண்டேதான் இருக்கும். என் இரண்டாவது ஜோடி அப்படிப்பட்டது. தவறு என் காலில்தான் என்று நினைத்து எட்டு மாதம் தாங்கினேன்.

அடுத்து இறக்கச் சோதனை. நல்ல மலைச் சாமான் கடைகளில் சின்ன சாய்வுப் பலகை வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மாடிப்படி போதும். முதுகில் இருபது கிலோவைப் போட்டுக்கொண்டு, லேஸை இறுக்கிக் கட்டி, சரிவில் முகம் கீழே பார்க்க நின்று காலை ஓங்கி ஓங்கி ஊன்றுங்கள். ஒருமுறை விரல் இடித்தாலும் அந்த அளவு வேண்டாம். பிறகு திரும்பி ஏறிப் பாருங்கள். குதிகால் மேலே எழும்பக் கூடாது. மிகச் சிறிய அசைவு பரவாயில்லை, புது பூட்ஸின் விறைப்பு தளர்ந்ததும் அது அடங்கும். தெளிவாக எழும்புகிறது என்றால் கொப்புளம் உறுதி. விரலுக்கு இடம், குதிகாலுக்குப் பிடி, இரண்டும் ஒரே பூட்ஸில் கிடைப்பதுதான் கடினம். அரை எண் பெரிதாக எடுத்தால் முன்னால் இடம் கிடைக்கும், பின்னால் பிடி போகும். அப்போது வேறு அச்சுக்கட்டையைத் தேட வேண்டும், வேறு எண்ணை அல்ல.

கடைக்காரர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாலும் முக்கால் மணி நேரமாவது போட்டிருங்கள். கூச்சப்பட்டு வாங்கியதன் பலனை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

அடிப்பகுதியின் விறைப்புக்கு வருவோம். வேட்டை பூட்ஸில் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். மலையில் வேட்டைக்காரன் நேராக ஏறி நேராக இறங்குவது குறைவு. விலங்கின் கண்ணில் படாமல், காற்று பார்த்து, சரிவைக் குறுக்காக வெட்டிப் போவதே பாதி நேரம். அப்படிப் போகும்போது முழுப் பாதமும் தரையில் படாது, பூட்ஸின் ஒரு விளிம்புதான் மண்ணைக் கடித்துக்கொண்டு நிற்கும். அடி மெத்தென்று இருந்தால் பூட்ஸ் சரிவோடு சேர்ந்து முறுகும், அந்த முறுக்கலை ஒவ்வொரு அடியிலும் உங்கள் கணுக்கால்தான் நேர்செய்ய வேண்டும். மாலைக்குள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். அடி விறைப்பாக இருந்தால் விளிம்பே படிக்கட்டு. உள்ளே எஃகோ, நைலானோ, கார்பன் இழையோ தகடாக வைத்திருப்பார்கள், அதுதான் அந்த விறைப்பு. ஒரு கையில் குதியும் மறு கையில் முனையும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுகினால் அது காட்டுப் பாதைக்கான பூட்ஸ். படிக்கட்டின் விளிம்பில் பூட்ஸின் முன் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்து நின்றும் பார்க்கலாம், பாதம் வளைந்து தொங்கினால் சுமையோடு அது தாங்காது.

இந்த விறைப்பைச் சொல்ல ஒரு எழுத்து முறை இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் பூட்ஸ் செய்யும் மைண்டல் குடும்பத்தின் அல்போன்ஸ் மைண்டல் 1976இல் உருவாக்கியது. ஏ என்றால் சாதாரண நடைபாதை, பி என்றால் நடுத்தர மலைப்பாதை, சி என்றால் சரளையும் பாறையும் பனித்திட்டும், டி என்றால் வளையவே வளையாத, பனிமலை ஏறுவோருக்கானது. மலை வேட்டைக்குப் பெரும்பாலும் பிக்கும் சிக்கும் நடுவில் உள்ளதோ சியோ சரியாக வரும். டி வேண்டாம். சமதரையில் பத்து கிலோமீட்டர் அதில் நடந்தால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பெல்லாம் வலிக்கும். கடையில் மெத்தை போல இருந்த என் முதல் பூட்ஸ் ஏ வகையைத் தாண்டியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன். மெத்தென்ற பூட்ஸ் கடையில் எப்போதும் ஜெயிக்கும், விறைத்த பூட்ஸ் கடையில் எப்போதும் தோற்கும். அங்கே சரிவு இல்லையே.

விறைப்புக்கு ஒரு விலை உண்டு: சத்தம். கல் மேல் விறைத்த ரப்பர் படும் ஒலி அமைதியான காலையில் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும். கால் எதை மிதிக்கிறது என்ற உணர்வும் குறைவு, சுள்ளி முறிந்த பிறகுதான் சுள்ளி இருந்ததே தெரியும். கடைசி நூறு, இருநூறு மீட்டருக்கு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு பதுங்கிப் போகிற வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். நானும் போயிருக்கிறேன். மலையாடு என்னவோ ஓடிவிட்டது, திரும்பி வந்து பூட்ஸைத் தேட அரை மணி நேரம் ஆனது. எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இருந்தது.

அடி ரப்பரின் பள்ளமேடுகளுக்கு ஒரு சோகக் கதை உண்டு. அந்தக் காலத்தில் ஆல்ப்ஸ் மலையேறிகள் அடியில் இரும்பாணி அடித்த கனத்த தோல் பூட்ஸ் போட்டு ஏறுவார்கள், செங்குத்துப் பாறை வந்ததும் மெல்லிய செருப்புக்கு மாறிக்கொள்வார்கள். 1935இல் இத்தாலியின் புன்டா ராசிகா மலையில் அப்படிப் போன ஒரு குழு புயலில் மாட்டி, ஆறு பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் பாதணிக்கும் பங்கு இருக்கிறது என்று மனம் உறுத்திய இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, பாறைக்கும் பனிக்கும் ஒன்றே போதும்படியான ரப்பர் அடியை உருவாக்கினார். 1937இல் அது வந்தது. அந்தப் பள்ளமேடு வடிவத்துக்கு இத்தாலிய மொழியில் கவச வண்டி என்று பெயர். அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் விப்ரம். 1954இல் கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியர்களின் காலிலும் அந்த அடிதான் இருந்தது. இன்று பல தயாரிப்பாளர்கள் அதே மாதிரி செய்கிறார்கள். பெயரைவிடப் பார்க்க வேண்டியது, குதிப்பகுதிக்கு முன்னால் செங்குத்தாக ஒரு வெட்டு ஆழமாக இருக்கிறதா என்பது. இறங்கும்போது ஈரப் புல்லிலும் மண்ணிலும் பிரேக் அதுதான். அடி ஒரே சமமாக, ஓட்டக்காரர்களின் ஷூ போல இருந்தால் உட்கார்ந்தபடியேதான் இறங்குவீர்கள்.

பழந்தமிழில் ‘அடிபுதை அரணம்’ என்று ஒரு சொல் உண்டு, பாதம் மறையும்படி மூடிய செருப்பு. அரண் என்றதும் சிலர் சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு காவல் என்று நினைத்து, முழங்கால் வரைக்கும் ஏறும் பூட்ஸாகத் தேடுகிறார்கள். கணுக்காலுக்கு மேல் ஒரு கை அகலம் போதும். அதற்கு மேல் ஏற ஏற எடை கூடும், முன்பக்கம் மடங்காமல் கெண்டைக்காலை உரசும். பனியோ சரளையோ உள்ளே வராமல் இருக்கத் தனியாக ஒரு கால்மூடியைக் கட்டிக்கொள்ளலாம். தோலைப் பொறுத்தவரை என் விருப்பம் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள முழுத் தோல், எவ்வளவு குறைவாகத் தையல் உண்டோ அவ்வளவு நல்லது. கூர்ப்பாறை முதலில் தின்பது தையலைத்தான்.

பூட்ஸின் உள்ளே வைக்கும் தண்ணீர் புகாத சவ்வு பற்றி நண்பர்களுக்குள் தீராத சண்டை. 1969இல் பாப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லான் கம்பியை வெடுக்கென்று இழுத்து, அது அறுந்துவிடாமல் பல மடங்கு நீளக் கண்டதில் பிறந்தது கோர்-டெக்ஸ் என்ற சவ்வு. சவ்வின் துளைகளில் நீராவி போகும், நீர்த்துளி போகாது. வேலை செய்கிறது, ஆனால் நீராவி வெளியேற உள்ளே வெளியைவிடச் சூடும் ஈரமும் அதிகமாக இருக்க வேண்டும். மேல்தோல் ஊறி நனைந்துவிட்டால் வழி அடைபட்ட மாதிரிதான், வியர்வை உள்ளேயே நிற்கும். ஓடையில் ஆழம் தப்பி மேல்வழியாகத் தண்ணீர் நுழைந்துவிட்டால் அதே சவ்வு தண்ணீரை உள்ளே பத்திரமாக வைத்துக்கொள்ளும். குளிரும் ஈரமும் உள்ள மலைக்கு நான் சவ்வு உள்ளதையே போடுகிறேன். பாதம் ஈரத்தில் மணிக்கணக்கில் கிடந்தால், உறைநிலைக்குப் பல டிகிரி மேலேகூட நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுப்போகலாம். வெப்பமான, வறண்ட மலைக்கு வெறும் தோல் போதும். குளிர் தாங்கும் பஞ்சு வைத்த பூட்ஸ் ஒரே இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு. ஏறி இறங்குபவருக்கு அது வியர்வைத் தொட்டி.

எடை? ஒவ்வொரு காலிலும் நூறு கிராம் கூடினால் நடக்கும் உழைப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும் என்று அளந்திருக்கிறார்கள். முதுகில் இருக்கும் எடையைவிடக் காலில் இருக்கும் எடை பல மடங்கு சோர்வு தரும். இருந்தும் எடைக்காக விறைப்பை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜோடி இரண்டு கிலோவுக்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் யோசிப்பதில்லை.

யோசிக்க வேண்டியது வயது. என் மூன்றாவது ஜோடி அருமையான ஜோடி. இரண்டு பருவம் போட்டேன், பிறகு வேலை, வீடு என்று ஐந்தாறு வருடம் போக முடியவில்லை. எண்ணெய் தடவி, பெட்டியில் காகிதம் சுற்றி, குழந்தையைப் போல வைத்திருந்தேன். மறுபடி மலைக்குப் போன முதல் நாள் மதியம் இடது காலில் ஏதோ நமநமவென்றது. பார்த்தால் மேலே தோல் அப்படியே பளபளக்கிறது, தோலுக்கும் ரப்பர் அடிக்கும் இடையிலுள்ள நடு அடுக்கு பழைய ரொட்டியைப் போலப் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஒரு மணி நேரத்தில் ரப்பர் அடி முழுதும் நாக்கு மாதிரி தொங்கியது. கூடாரக் கயிற்றால் சுற்றிக் கட்டி இறங்கினேன். தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். “சரியாகப் பராமரிக்கவில்லை” என்று பதில் வந்தது. எண்ணெய் தடவியே என் கைரேகை தேய்ந்துபோயிருந்தது!

பிறகுதான் விஷயம் புரிந்தது. பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற செயற்கை நுரை. காற்றிலுள்ள ஈரமே அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். செய்து முடித்த நாளிலிருந்தே இது தொடங்கிவிடும், போட்டாலும் போடாவிட்டாலும். சும்மா பெட்டியில் கிடப்பது அதைக் காப்பாற்றாது. அதனால் தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கில் எனக்கு ஆசை போய்விட்டது. எந்த வருடம் செய்தது என்று கேட்பேன், தெரியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சில வருடம் கிடந்த பூட்ஸை மலைக்கு எடுத்துப் போவதற்கு முன் நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், விரிசல் தெரிந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். அடியைக் கழற்றி மாற்றும்படி செய்த பூட்ஸ் என்றால் புது அடி போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம், வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. தோலுக்கு இன்னொரு எதிரி நெருப்பு. நனைந்த பூட்ஸைக் காயவைக்க நெருப்புக்கு அருகே வைத்தால் தோல் வெடிக்கும், பசை இளகும். அட்டையை உருவி, உள்ளே காகிதத்தைத் திணித்து, நிழலில் விட வேண்டும்.

திணிப்பது என்றதும் ஓட்ஸி ஞாபகம் வருகிறார். 1991இல் ஆல்ப்ஸில், 3,210 மீட்டர் உயரத்தில், பனியிலிருந்து வெளிப்பட்ட மனிதர். சுமார் 5,300 வருடத்துக்கு முந்தையவர். கூடவே வில்லும் அம்பும் இருந்தன. அவர் பாதணியில் அடிக்குக் கரடித் தோல், மேலுக்கு மான் தோல், உள்ளே மர நார் முடிச்சிட்ட ஒரு வலை, அந்த வலைக்குள் திணித்த காய்ந்த புல். அடிக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று பிரித்து யோசித்திருக்கிறார் பாருங்கள். செக் நாட்டுப் பாதணி ஆய்வாளர் பீட்டர் ஹ்லாவாச்செக் அதே பொருள்களில் நகல் செய்து மலையில் நடந்து பார்க்க வைத்தார். புல் நனைந்தால் எடுத்து எறிந்துவிட்டுப் புதுப் புல் வைத்துக்கொள்ளலாம். என் சவ்வு பூட்ஸில் அந்த வசதி இல்லை. எனக்கு வாய்த்த புல் கம்பளிக் காலுறைதான்: தினம் ஒன்று, தவிர ஒரு மாற்று, பருத்தி அறவே கூடாது.

லேஸ் கட்டுவதை இன்றைக்கும் பலர் காலையில் ஒருமுறை செய்து முடித்துவிடுகிறார்கள். ஏறும்போது மேல் கொக்கிகளைத் தளர்வாக விடுங்கள், கணுக்கால் முன்னால் மடங்கட்டும். உச்சியில், இறங்கத் தொடங்குவதற்கு முன், சுமையை முதுகில் ஏற்றுவதற்கு முன், உட்கார்ந்து குதியைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளி, மறுபடி கட்டுங்கள். பாதம் மடங்கும் இடத்தில் லேஸை ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றி இறுக்கினால் கீழ்ப்பகுதியின் இறுக்கம் மேலே நழுவாது. குதிகால் பின்னால் பூட்டினாற்போல நிற்கும், விரல்கள் முன்னால் போகாது. இரண்டு நிமிட வேலை. அன்றைக்கு அண்ணன் உச்சியில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தார். பாவம், வயசாகிவிட்டது, ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் முன்னால் இறங்கத் தொடங்கிவிட்டேன்.

அப்புறம், கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதே கால் நகத்தை நேராக, ஒட்ட வெட்டிவிடுங்கள். கிளம்பும் அன்று வெட்டினால் ஓரம் உறுத்தும்.